விடுதி அறையில் மின்கலமும் மின்னேற்றியும்: பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி?

பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவரின் மேசையில் எத்தனை மின்கலங்கள் உள்ளன என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். மடிக்கணினி, கைப்பேசி, பவர் பேங்க், கம்பியில்லாச் சுட்டெலி, காதில் செருகும் ஒலிக்கருவி, திறன் கடிகாரம், கையடக்க மின்விசிறி என்று பட்டியல் நீளும். அறைக்கு இருவர் என்றால் பத்துக்கு மேற்பட்ட மின்கலங்கள். இவற்றுக்கெல்லாம் மின்னேற்ற வேண்டும். ஆனால் பழைய விடுதி அறைகளில் சுவரில் இருப்பதோ பெரும்பாலும் ஒன்றிரண்டு மின்செருகிகள்தாம்.

இக்கருவிகள் இல்லாமல் இன்று கல்வி இல்லை. ஆகவே, 'பயன்படுத்தாதே' என்று சொல்வதில் பயனில்லை. அவற்றின் இயல்பை அறிந்து பயன்படுத்துவதே அறிவுடைமை. விடுதியில் ஒருவர் அறையில் பற்றும் தீ அந்த அறையோடு நின்றுவிடுவதில்லை. புகை நடைவழியில் பரவி, உறங்கிக் கொண்டிருக்கும் மற்றவர்களையும் தாக்கும். எனவே இது தனிமனிதப் பாதுகாப்பு மட்டுமன்று. உடன் வாழ்வோருக்கு நாம் செய்ய வேண்டிய கடமையும் ஆகும்.

1. நான்கு சொற்கள்

முதலில் நான்கு சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். மின்கருவிகளின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் சிறிய எழுத்துகளைப் படிக்க இவை போதும்.

மின்னழுத்தம்: இது மின்சாரத்தைத் தள்ளும் விசை. வோல்ட்டில் அளக்கப்படும். வீட்டின் மேல் இருக்கும் நீர்த்தொட்டியின் உயரத்தை இதற்கு ஒப்பிடலாம்.

மின்னோட்டம்: குழாயில் ஓடும் நீரின் அளவைப் போன்றது. ஆம்பியரில் அளக்கப்படும்.

திறன்: மேற்கூறிய இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது. வாட் அளவில் குறிக்கப்படும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 13 ஆம்பியர் செருகி ஒன்றிலிருந்து 230 × 13 = 2,990 வாட் வரை எடுக்கலாம்.

ஆற்றல்: திறனை நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது. மின்கலத்தில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை வாட்-மணி என்னும் அலகு காட்டும்.

பவர் பேங்க்குகளில் 20,000 மில்லிஆம்பியர்-மணி என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை வாட்-மணியாக மாற்ற, 3.7 வோல்ட்டால் பெருக்கி 1,000ஆல் வகுக்க வேண்டும். 20,000 × 3.7 ÷ 1,000 = 74 வாட்-மணி. இந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினால், ஒரு லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து ஏறக்குறைய 90 பாகை செல்சியஸ் வரை சூடாக்கிவிடும். மின்கலத்தினுள் இருக்கும் திரவமும் எரியக்கூடியது என்பதால், தீப்பிடிக்கும்போது வெளிப்படும் வெப்பம் இதைவிடவும் கூடுதலாகும். சட்டைப்பைக்குள் அடங்கும் பொருளில் இவ்வளவு ஆற்றல் உறங்குகிறது என்பதை நாம் மறக்கலாகாது.

2. லித்தியம்-அயனி மின்கலத்தின் உள்ளே

இன்று நாம் பயன்படுத்தும் கைப்பேசி, மடிக்கணினி ஆகிய அனைத்திலும் இருப்பது லித்தியம்-அயனி மின்கலம். 1991இல் ஜப்பானின் சோனி நிறுவனம் இதனை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதன் உருவாக்கத்திற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இம்மின்கலத்தினுள் நேர்மின்வாய், எதிர்மின்வாய் என இரண்டு மெல்லிய தகடுகள் உள்ளன. அவற்றுக்கு இடையே நெகிழியால் ஆன பிரிப்புத்தாள் ஒன்று இருக்கும். இம்மூன்றையும் பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டியோ, அடுக்கடுக்காக மடித்தோ, எரியக்கூடிய ஒரு கரைசலில் ஊறவைத்து மூடியிருப்பார்கள். மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்லும். பயன்படுத்தும்போது திரும்பி வரும். பிரிப்புத்தாள் நம் தலைமுடியைவிட மெல்லியது. நமக்கும் தீக்கும் இடையே நிற்பது அந்தத் தாள்தான்.

அத்தாள் எவ்வாறு பழுதாகிறது? மின்கலம் கீழே விழுந்து நசுங்கலாம். அளவுக்கு மீறி மின்னேற்றப்படலாம். ஒரு கலத்தின் உச்ச மின்னழுத்தம் பொதுவாக 4.2 வோல்ட். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்து சூடேறலாம். தொழிற்சாலையிலேயே உலோகத் துகள் உள்ளே சிக்கியிருக்கலாம். காரணம் எதுவாயினும், இரு தகடுகளும் உள்ளே தொட்டுக்கொண்டால் வெப்பம் உண்டாகும். அவ்வெப்பம் வேதிவினைகளைத் தூண்டும். அவ்வினைகள் மேலும் வெப்பத்தை உண்டாக்கும். சுமார் 130 பாகையில் பிரிப்புத்தாள் உருகத் தொடங்கும். கோபால்ட் ஆக்சைடு கொண்ட மின்கலங்களில், வெப்பம் மேலும் கூடும்போது நேர்மின்வாயே ஆக்சிஜனை வெளியிடும். இச்சங்கிலி வினையை 'வெப்பக் கட்டுமீறல்' எனலாம். தீயை மூடி, காற்றை மறைத்து அணைக்கும் வழக்கமான முறை இதனிடம் எளிதில் பலிக்காமல் போவதற்குக் காரணம் இதுவே.

3. வரலாறு தரும் பாடங்கள்

2006ஆம் ஆண்டு டெல் நிறுவனம் 4.1 மில்லியன் மடிக்கணினி மின்கலங்களைத் திரும்பப் பெற்றது. ஆப்பிள் நிறுவனமும் அதே ஆண்டில் 1.8 மில்லியன் மின்கலங்களைத் திரும்பப் பெற்றது. இவ்விரண்டுக்கும் கலங்களைச் செய்தளித்தது சோனி. தயாரிப்பின்போது நுண்ணிய உலோகத் துகள்கள் கலந்ததே குறை.

2016 ஆகஸ்டில் வெளிவந்த சாம்சுங் கேலக்சி நோட் 7 கைப்பேசி, தீப்பிடித்த நிகழ்வுகளால் அக்டோபரிலேயே கைவிடப்பட்டது. 2017 ஜனவரியில் வெளியான ஆய்வு முடிவு ஒரு முக்கியமான உண்மையைச் சொன்னது. முதலில் பொருத்திய மின்கலங்களில் தகட்டின் மூலை வளைந்திருந்தது. மாற்றாக வேறொரு நிறுவனத்திடமிருந்து வாங்கிய மின்கலங்களிலோ பற்றவைப்பில் குறை இருந்தது. இரு வேறு குறைகள், முடிவு ஒன்றே.

2025 ஜனவரி 28ஆம் நாள் இரவு, தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானத்தில் தீப்பிடித்தது. 176 பேரும் அவசர வழியில் வெளியேறி உயிர் தப்பினர். இருக்கைக்கு மேலிருந்த பெட்டியில் வைக்கப்பட்டிருந்த ஒரு பவர் பேங்க்கின் உள்காப்பு சிதைந்தது காரணமாக இருக்கலாம் என்று விசாரணையாளர்கள் அவ்வாண்டு மார்ச் மாதம் தெரிவித்தனர். 2025 ஏப்ரல் 1 முதல் மலேசியா ஏர்லைன்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஆகியவை பயணத்தின்போது பவர் பேங்க் பயன்படுத்துவதைத் தடை செய்தன.

இந்நிகழ்வுகளிலிருந்து நாம் அறிவது யாது? பெயர்பெற்ற நிறுவனங்களின் பொருள்களிலும் குறை நேரும். ஆனால் அவற்றில் மாதிரி எண் இருக்கும். குறை தெரிந்ததும் அறிவிப்பு வரும். பொருளைத் திரும்பப் பெற ஆள் இருப்பார். பெயரும் எண்ணும் இல்லாத மலிவுப் பொருளுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. ஆகவே, உங்கள் பவர் பேங்க்கின் மாதிரி எண்ணை ஒருமுறை இணையத்தில் தேடி, அது திரும்பப் பெறப்பட்ட பட்டியலில் உள்ளதா என்று பார்ப்பது நல்லது.

4. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

எடையைப் பாருங்கள். பவர் பேங்க்குகளில் பயன்படும் உருளைக் கலம் ஒன்று 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. அதன் கொள்ளளவு அதிகமாகப் போனால் ஏறக்குறைய 3,500 மில்லிஆம்பியர்-மணி. எடை 45 முதல் 50 கிராம். அப்படியானால் 30,000 என்று அச்சிட்ட பவர் பேங்க்கில் குறைந்தது ஒன்பது கலங்கள் வேண்டும். கலங்களின் எடையே 400 கிராமைத் தாண்டும். இரவுச் சந்தையில் 30,000 என்ற எண்ணோடு 200 கிராமில் ஒன்று விற்கப்பட்டால், அந்த எண் பொய் என்று கணக்கே சொல்லிவிடும். கொள்ளளவில் பொய் சொல்பவர் பாதுகாப்புச் சுற்றில் மட்டும் உண்மையாக இருப்பார் என்று நம்புவதற்கு இடமில்லை.

முத்திரையைப் பாருங்கள். மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்குமுறை விதிகளின்படி, சுவரில் செருகும் அடாப்டர், நீட்டிப்புக் கம்பி போன்றவற்றுக்கு எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். அவற்றில் சிரிம் முத்திரை வில்லை ஒட்டப்பட்டிருக்கும். சிங்கப்பூரில் இதே பணியைப் பாதுகாப்புக் குறி செய்கிறது.

மடிக்கணினிக்கு மாற்று மின்னேற்றி வாங்குவோர் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். வோல்ட் எண் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் எண் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறைவாக இருக்கக்கூடாது. நேர், எதிர் முனைகளின் அமைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். யு.எஸ்.பி.-சி வகை மின்னேற்றிகளில் இக்கவலை குறைவு; கருவியும் மின்னேற்றியும் தமக்குள் பேசி எவ்வளவு மின்னழுத்தம் என்று முடிவு செய்துகொள்ளும். 65 வாட் மின்னேற்றியில் கைப்பேசியை இணைத்தால் கெட்டுவிடும் என்பது தவறான கருத்து. கைப்பேசி தனக்கு வேண்டியதை மட்டுமே எடுக்கும். ஆனால் இப்பேச்சுக்கு இடையே நிற்பது கம்பி. 2016இல் கூகல் பொறியாளர் பென்சன் லியூங், தவறாக இணைக்கப்பட்ட ஒரு கம்பியைச் சோதித்தபோது அவருடைய மடிக்கணினியே பழுதானது. மலிவான கம்பியால் விலையுயர்ந்த கணினியை இழப்பது சிக்கனம் ஆகாது.

5. செருகியும் நீட்டிப்புக் கம்பியும்

நம் நாட்டின் மூன்று முனைச் செருகி நன்கு சிந்தித்து வடிவமைக்கப்பட்டது. மேலே உள்ள நீண்ட முனை புவித்தொடர்புக்கு உரியது. அது முதலில் நுழைந்து, கீழ்த் துளைகளை மூடியிருக்கும் தடுப்பைத் திறக்கும். செருகியின் உள்ளே ஓர் உருகியும் இருக்கும்.

ஆனால் நம்மவர் பலரிடம் ஒரு பழக்கம் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த இரு முனைச் செருகியை நுழைக்க, மேல் துளைக்குள் பேனாவையோ குச்சியையோ விட்டுத் தடுப்பைத் திறப்பார்கள். இதில் இரண்டு கேடுகள் உள்ளன. இரு முனைகளும் துளையில் இறுகப் பொருந்தாமல் தளர்ந்து நின்று தீப்பொறி உண்டாக்கும். மேலும், அச்செருகியில் உருகி இல்லை. கம்பியில் கோளாறு ஏற்பட்டால், சுவரில் உள்ள 20 அல்லது 32 ஆம்பியர் துண்டிப்பான் விழும்வரை அந்த மெல்லிய கம்பி காய்ந்து கொண்டே இருக்கும். முத்திரை பெற்ற மாற்றுச் செருகி சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும்போது இந்தத் துணிச்சல் தேவையற்றது.

உலோக உடல் கொண்ட மடிக்கணினியை மின்னேற்றும்போது தொட்டால் விரலில் லேசான கூச்சம் தெரிவதுண்டு. புவித்தொடர்பு இல்லாத இரு முனை மின்னேற்றிகளில் மிகச் சிறிய கசிவு மின்னோட்டம் இருப்பதே காரணம். தரமான மின்னேற்றியில் இது ஆபத்தான அளவை எட்டாது. போலி மின்னேற்றியிலோ, 230 வோல்ட் பகுதிக்கும் 5 வோல்ட் பகுதிக்கும் இடையே போதிய இடைவெளி விடப்படாமல் இருக்கலாம். அதில் இக்கூச்சம் தெரிந்தால் உடனே விலக்கிவிட வேண்டும்.

நீட்டிப்புக் கம்பியைப் பொறுத்தவரை, எத்தனை செருகிகள் என்பதைவிட எவை செருகப்பட்டுள்ளன என்பதே முக்கியம். மடிக்கணினி 65 வாட், கைப்பேசி 20 வாட், மின்விசிறி 50 வாட். கூட்டினால் 135 வாட்தான். ஓர் ஆம்பியர்கூட இல்லை. ஆனால் 2,200 வாட் மின்கெண்டியையும் 1,200 வாட் இஸ்திரிப் பெட்டியையும் ஒன்றாகச் செருகினால் 3,400 வாட். ஏறக்குறைய 15 ஆம்பியர். 13 ஆம்பியர் உருகி 15 ஆம்பியரில் உடனே அறுந்துவிடாது. அதற்குள் கம்பியும் செருகியும் சூடேறிவிடும். வெப்பம் தரும் கருவி எதையும் நீட்டிப்புக் கம்பியில் இணைக்காதீர்கள். ஒரு நீட்டிப்புக் கம்பியில் மற்றொன்றைத் தொடராகச் செருகாதீர்கள்.

நம் தமிழ்ச் சங்கங்களின் கலைவிழா, தீபாவளி விருந்து ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்வோருக்கு ஒரு சொல்: உருளையில் சுற்றிய நீண்ட கம்பியை முழுவதும் விரித்த பிறகே மேடை விளக்குகளுக்குப் பயன்படுத்துங்கள். சுற்றிய நிலையில் வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்சுற்றுகள் உருகக்கூடும்.

6. மின்னேற்றும்போது

கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைத்தோ, மடிக்கணினியை மெத்தையின் மேல் வைத்தோ மின்னேற்றக் கூடாது. பஞ்சு வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். மடிக்கணினியின் காற்றுத் துளைகளும் மூடப்படும். கடினமான, எளிதில் எரியாத மேசையே தகுந்த இடம்.

இரவு முழுவதும் மின்னேற்றலாமா என்பது பலர் கேட்கும் கேள்வி. நல்ல கருவியில், மின்கலம் நிரம்பியதும் பாதுகாப்புச் சுற்று மின்னேற்றத்தை நிறுத்திவிடும். ஆபத்து அச்சுற்று பழுதாகும் நாளில்தான். அந்த நாள் எது என்று நமக்குத் தெரியாது. உறங்கும்போது புகை நாற்றமும் தெரியாது. ஆகவே விழித்திருக்கும் நேரத்தில் மின்னேற்றுவதே நல்லது. மின்ஸ்கூட்டர் வைத்திருப்போர் இதனைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும். அதன் மின்கலம் கைப்பேசியினதைவிடப் பல மடங்கு பெரியது. சிங்கப்பூரில் 2020 ஜூலை 1 முதல் யு.எல்.2272 தீப்பாதுகாப்புச் சான்று பெறாத மின்ஸ்கூட்டர்களைப் பொதுப் பாதைகளில் ஓட்ட அனுமதி இல்லை. கதவை அடைத்தாற்போல் நிறுத்தி மின்னேற்றினால், தீ பற்றும்போது வெளியேறும் வழியே மூடிவிடும்.

மின்கலத்தை முழுவதும் தீர்த்துவிட்டுத்தான் மின்னேற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல்-காட்மியம் மின்கலங்களுக்கு உரிய அறிவுரை. லித்தியம்-அயனிக்கு அது பொருந்தாது. நீண்ட விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, அறையில் விட்டுச் செல்லும் கருவிகளைப் பாதியளவு மின்னேற்றி, செருகியிலிருந்து கழற்றி வையுங்கள்.

7. அபாய அறிகுறிகள்

கீழ்க்காண்பவற்றுள் ஒன்று தெரிந்தாலும் அக்கருவியைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும்.

அ) கருவியின் உடல் உப்புதல், திரை பிதுங்குதல், மடிக்கணினியின் தொடுபலகை மேலெழும்புதல்.
ஆ) பயன்படுத்தாத போதும் சூடாக இருத்தல்.
இ) இனிப்பு கலந்த இரசாயன நெடி, கசிவு.
ஈ) செருகி பழுப்பேறுதல், கம்பியின் மேலுறை வெடித்தல்.

உப்பிய மின்கலத்தின் உள்ளே இருப்பது வாயு. அதை அழுத்தி மூடுவதோ ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றுவதோ கூடவே கூடாது. மின்னேற்றாமல், எரியும் பொருள்கள் இல்லாத இடத்தில் வைத்து, பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

8. தீப்பிடித்துவிட்டால்

முதலில் உயிர், பிறகே பொருள். எரியும் மின்கலத்தின் புகையில் நச்சு வாயுக்கள் உள்ளன. அவற்றுள் ஹைட்ரஜன் ஃபுளோரைடு நுரையீரலைக் கடுமையாகத் தாக்கும். அடையமுடிந்தால் மின்சாரத்தைத் துண்டியுங்கள். கைப்பேசி போன்ற சிறு கருவி என்றால், மின்தொடர்பு இல்லை என்பது உறுதியான பிறகு, தள்ளி நின்று நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். லித்தியம் உலோகம் நீருடன் வினைபுரியும் என்று பள்ளியில் படித்ததை நினைத்துத் தயங்க வேண்டாம். லித்தியம்-அயனி மின்கலத்தில் இருப்பது பெரும்பாலும் அயனி வடிவம், உலோகக் கட்டியன்று. பொடி அணைப்பான் சுவாலையை அடக்கினாலும் உள்வெப்பம் குறையாததால் மீண்டும் பற்றக்கூடும்.

பெரிய மின்கலம் என்றால் அணைக்க முயலாதீர்கள். வெளியேறி, கதவைச் சாத்தி, தீ எச்சரிக்கை மணியை அழுத்தி, அண்டை அறைகளைத் தட்டி எழுப்புங்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணை அழையுங்கள். அறைக்குள் விட்டுவந்த ஆய்வேட்டுக்காகத் திரும்பிச் செல்லாதீர்கள். ஆய்வேட்டின் நகலை இன்றே இணையச் சேமிப்பில் வைத்துவிட்டால் அந்தச் சபலமே எழாது.

9. பொத்தான் மின்கலம்

கணினியின் தாய்ப்பலகையிலும், சில தொலைக்கட்டுப்பாட்டுக் கருவிகளிலும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம் இருக்கும். விடுமுறையில் வீடு சென்று கணினியைப் பிரித்துச் சரிசெய்யும் மாணவர்கள் இதனை மேசையில் விட்டுவிடக் கூடாது. சிறு குழந்தை விழுங்கினால் அது உணவுக்குழாயில் சிக்கும். ஈரம் பட்டதும் மின்னோட்டம் பாய்ந்து காரப்பொருள் உண்டாகி, இரண்டு மணி நேரத்திலேயே திசுவை அரித்துவிடும். குழந்தை விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பயன் தீர்ந்த மின்கலமும் இத்தீங்கைச் செய்யும்.

10. பயணமும் அப்புறப்படுத்தலும்

விமானப் பயணத்தில் பவர் பேங்க்கைக் கைப்பையில் மட்டுமே கொண்டுசெல்ல வேண்டும். சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைக்கக்கூடாது. 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி உண்டு. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. அதற்கு மேல் அனுமதி இல்லை. 27,000 மில்லிஆம்பியர்-மணி என்பது 99.9 வாட்-மணி என்பதை மேலே கண்ட கணக்கின்படி நீங்களே அறியலாம். நிறுவனத்துக்கு நிறுவனம் கூடுதல் விதிகள் உண்டு. புறப்படும் முன் படித்துக்கொள்ளுங்கள்.

பயன் தீர்ந்த மின்கலங்களைக் குப்பைத்தொட்டியில் எறியாதீர்கள். குப்பை லாரி நசுக்கும்போது அவை தீப்பிடிக்கும். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிகள் லித்தியம் மின்கலக் கழிவைத் திட்டமிடப்பட்ட கழிவாக வகைப்படுத்துகின்றன. சிங்கப்பூரில் 2021 ஜூலை 1 முதல் மின்னணுக் கழிவைத் திரட்டும் பொறுப்பு சட்டப்படி தயாரிப்பாளர்கள்மேல் உள்ளது. முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, மின்கழிவுச் சேகரிப்பு இடங்களில் ஒப்படையுங்கள்.

நிறைவாக, நண்பர்களே, இக்கட்டுரையைப் படித்து முடித்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்கி உங்கள் அறையை ஒரு சுற்றுப் பாருங்கள். உப்பிய மின்கலம் இருக்கிறதா? பேனாவால் திறந்து நுழைத்த செருகி இருக்கிறதா? மின்கெண்டி எதில் செருகப்பட்டுள்ளது? மெத்தையின் மேல் எது மின்னேறிக் கொண்டிருக்கிறது? அறைத்தோழரையும் உடன் அழைத்துப் பாருங்கள். அவருடைய மின்னேற்றியும் உங்கள் உறக்கமும் ஒரே கூரையின்கீழ்தான் இருக்கின்றன.